ரசீது எழுதுகிறவருக்கு ஒரு வகுப்பு

"சார், ஒரு மூட்டை அரிசிக்கு 80ஜி ரசீது போடலாமா?"

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். சின்ன அறக்கட்டளைகளுக்கு நான் எடுக்கும் வரிக் கணக்கு வகுப்பு. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே இதைக் கேட்டவர் வேடசந்தூர்ப் பக்கமிருந்து வந்திருந்த ஓர் அக்கா. பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் இருக்கிற சின்ன இல்லம் அவர்களுடையது. சமையலைப் பார்ப்பதும் அவர்தான், ரசீது எழுதுவதும் அவர்தான். ஊரில் ஒருவர் தன் அம்மா திதிக்கு வருடா வருடம் ஒரு மூட்டை அரிசி இறக்குவாராம். போன வருடம் அவருடைய மகன், அரிசி விலையைப் போட்டு வரிவிலக்கு ரசீது கேட்டிருக்கிறார். அக்காவும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

போடக் கூடாது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் கிடைக்கும் கழிவு, அதாவது கொடுத்தவர் தன் வருமானத்தில் கழித்துக்கொண்டு வரியைக் குறைக்கிற சலுகை, பணமாகக் கொடுக்கிற நன்கொடைக்கு மட்டும்தான். அரிசிக்கும் பழைய துணிக்கும் அது கிடையாது. பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக ரசீது கொடுக்கலாம், பொருள் பதிவேட்டில் ஏற்றலாம். அதில் 80ஜி என்ற வாசகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் அக்கா கூடைப்பையிலிருந்து ரசீது புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு தாளிலும் அடியில் 80ஜி பதிவு எண், தேதி, வரிவிலக்கு உண்டு என்ற வரி எல்லாம் அச்சாகியிருந்தது. "அச்சுலயே இருக்கே சார். நான் என்ன பண்றது?"

தப்பு அக்காவிடம் இல்லை. ரசீது புத்தகம் அடித்த அன்றைக்கே நடந்துவிட்டது. அதை அடிக்கச் சொன்ன தலைவரும் செயலாளரும் அன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை. அவர்கள் போன வருடமே வேறொரு வரிப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, அலுவலகத்தில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம்.

நான் ஆடிட்டர் இல்லை. தேனி மாவட்டத்தில் ஒரு மாலைநேரப் படிப்பு மையத்தை நடத்தும் சின்ன அறக்கட்டளைக்குப் பொருளாளர். பி.காம். படித்தவன் என்பதால் அந்தப் பதவி தலையில் விழுந்தது. பி.காமில் டிரஸ்ட் கணக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தந்ததாக நினைவில்லை. இப்போது நேரம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கு வரிக் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். காரணம் சேவை மனப்பான்மை என்று சொன்னால் பொய். நாங்கள் ஒரு தடவை நன்றாக அடிபட்டோம், அதுதான் காரணம்.

அந்தக் கதை இது. எங்கள் வருட வரவு அப்போது ஏழு லட்சத்துச் சொச்சம். வரவு முழுவதும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் வாடகைக்கும் சுண்டலுக்கும் போய்விடும். தணிக்கை முடிந்தது. ஆடிட்டர் தணிக்கை அறிக்கையைக் கெடுவுக்கு முன்பே வருமான வரி இணையதளத்தில் ஏற்றினார். அடுத்த மாதம் ஐடிஆர்-7 ரிட்டனும், அதாவது டிரஸ்டுகள் போடும் வருமான வரிக் கணக்கும் போனது. நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

ஆடிட்டர் ஏற்றினால் மட்டும் அறிக்கை தாக்கல் ஆனதாகக் கணக்கில்லை. அமைப்பின் சொந்த லாகினுக்குள் போய், 'ஒர்க்லிஸ்ட்' என்ற மூலையில் காத்திருக்கும் அந்த அறிக்கையை நாம் ஏற்றுக்கொண்டு உறுதி செய்ய வேண்டும். அதுவரை அது ஒரு வரைவுதான். ஆடிட்டர் அலுவலகத்துப் பையன், அதை நாங்கள் செய்வோம் என்று நினைத்திருக்கிறான். அப்படி ஒரு பொத்தான் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எங்கள் நிர்வாக டிரஸ்டியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கூட அவர்கள் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. தமிழ்நாட்டில் பாதி டிரஸ்டுகளின் கையெழுத்து இப்படி யாரோ ஒருவருடைய இழுப்பறையில்தான் தூங்குகிறது என்பது என் சந்தேகம்.

பிறகு வந்த அறிவிப்பு, தணிக்கை அறிக்கை உரிய தேதிக்குள் தாக்கலாகவில்லை, ஆகவே அறக்கட்டளைக்குரிய வரிவிலக்கு இல்லை என்றது. செலவு எதையும் கழிக்காமல் ஏழு லட்சத்துச் சொச்சத்தையும் வருமானமாக எடுத்துக்கொண்டு வரி போட்டிருந்தார்கள். வட்டியோடு எழுபதாயிரத்தைத் தாண்டியது. எங்கள் வங்கிக் கணக்கில் அன்றைக்கு முப்பதாயிரம்கூட இல்லை. அறிவிப்பும் எங்களுக்கு வந்து சேரவில்லை. பதிவு செய்திருந்த மின்னஞ்சல் முகவரி, ஐந்து வருடத்துக்கு முன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட ஒரு தன்னார்வலருடையது. அடுத்த வருடக் கணக்குக்காக லாகின் செய்தபோதுதான் பார்த்தோம்.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வருமான வரி ஆணையருக்கு மனுப் போடலாம், சட்டத்தின் 119-ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. போட்டோம். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு வருடம் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் ஒரு பயிற்சிக்குப் போனேன். சென்னையில் ஓர் ஓட்டல் அரங்கு, குளிர்சாதனம், சமோசா, கையேடு. பேசியவர் நல்ல அறிவாளி. பிரிவு 2(15)-இல் ஆரம்பித்து 11, 12, 13 என்று வரிசையாகப் போனார், தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார். நூற்றுக்கு மேல் ஸ்லைடுகள். சுற்றிலும் தலைவர்கள், செயலாளர்கள், நிறுவனர்கள். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். ஊருக்குத் திரும்பும் பேருந்தில், நாளை காலை அலுவலகம் போனதும் எதை மாற்றிச் செய்யப்போகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தோன்றவில்லை. அந்த ஆள் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. அது ஆடிட்டர்களுக்கான வகுப்பு. அதில் எங்களை உட்காரவைத்துவிட்டார்கள்.

அதனால் என் வகுப்புக்கு மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன். தலைவர் வரக் கட்டாயமில்லை, ரசீது எழுதுகிறவரும் காசு கொடுக்கிறவரும் கட்டாயம் வர வேண்டும். நடப்பு ரசீது புத்தகத்தையும் போன மாத வவுச்சர்களையும் கையோடு கொண்டுவர வேண்டும். ஸ்லைடு கிடையாது. புரொஜெக்டர் வாடகை மிச்சம் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

காலை முழுவதும் ரசீது புத்தகம்தான். பக்கத்தில் இருப்பவரோடு புத்தகத்தை மாற்றிக்கொண்டு, வருமான வரி அதிகாரி மாதிரி பார்க்கச் சொல்வேன். அடுத்தவர் கணக்கில் குறை கண்டுபிடிப்பதில் நமக்கு இருக்கிற உற்சாகமே தனி. பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும். 'ஒரு அன்பர் – 5,000', 'பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர்கள் – 3,200' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். முகவரி இருக்காது. பான் எண் பத்தில் ஒன்பதில் இருக்காது. 'கார்பஸ்' என்று ரசீது எழுதியவரே தன் கையால் குறித்திருப்பார்.

கார்பஸ், அதாவது மூலதன நிதி என்பதைக் கொடுப்பவர்தான் சொல்ல வேண்டும். இந்தப் பணத்தை நிலை நிதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதித் தர வேண்டும். வருடக் கடைசியில் செலவு குறைவாகத் தெரிகிறதே என்று நாமாகச் சில ரசீதுகளை கார்பஸ் ஆக்கினால் அது நிற்காது.

ரொக்கத்துக்கு வருகிறபோது கூட்டம் சூடாகும். ஒருவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு 80ஜி கழிவு கிடையாது. முன்பு 10,000 ஆக இருந்த வரம்பை 2017 பட்ஜெட்டில் குறைத்தார்கள். இதைப் பலர் 2,000-க்கு மேல் ரொக்கம் வாங்கவே கூடாது என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். வாங்கலாம். கழிவு கிடைக்காது என்று கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 5,000 ரூபாயை மூன்று ரசீதாக உடைத்து, மூன்று தேதி போட்டுத் தருகிற பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் கைவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்வேன். அதைச் சொல்லும்போது இரண்டு மூன்று பேர் தரையைப் பார்ப்பார்கள்.

பெயர் தெரியாத நன்கொடைக்குத் தனிக் கணக்கு உண்டு. விழாவில் வைத்த உண்டியல் பணம் இந்த வகை. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. முழுக்க மதம் சார்ந்த அமைப்புக்கு இது பொருந்தாது. எங்கள் அளவுக்கு உண்டியலில் ஒரு லட்சம் விழுந்தால் முதலில் பாயசம் வைப்போம். ஆனாலும் 'ஒரு அன்பர்' என்று எழுதிக்கொண்டே போனால் அதுவும் இந்தக் கூட்டலில்தான் சேரும் என்று சொன்னதும், பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார்கள்.

பான் எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 10பிடி படிவத்தைக் காட்டுவேன். 2021-22 நிதியாண்டிலிருந்து, 80ஜி பதிவுள்ள ஒவ்வோர் அமைப்பும் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை அடுத்த மே 31-க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பான் இல்லாதவருக்கு ஆதார் போன்ற வேறு அடையாளம் போடலாம். ஏற்றினால் ஒவ்வொருவர் பெயரிலும் 10பிஇ என்ற சான்றிதழ் வரும். கொடுத்தவருக்குக் கழிவு கிடைப்பது நாம் ஏற்றிய இந்தத் தகவலை வைத்துத்தான், நம் ரசீதை வைத்து அல்ல. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், அதுபோக 10,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். அபராதத்தைவிட எனக்குப் பயம் நன்கொடையாளரின் போன்தான். ஜூலை மாதம் அவர் ரிட்டன் போட உட்கார்ந்து, நம் சான்றிதழ் வரவில்லை என்று தெரிந்ததும் பேசுகிற பேச்சு. அடுத்த வருடம் அவர் கொடுக்க மாட்டார்.

வேடசந்தூர் அக்காவின் கேள்விக்குப் பிறகு எல்லோருக்கும் இரண்டு ரசீது புத்தகம் அடிக்கச் சொல்கிறேன். வெள்ளைத் தாளில் ஒன்று, அதில்தான் 80ஜி வாசகம். மஞ்சள் தாளில் இன்னொன்று, பொருளுக்கும் 2,000-க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கும். சட்டத்தில் இப்படி நிறம் எதுவும் சொல்லவில்லை, இது நானாகக் கண்டுபிடித்த வைத்தியம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வவுச்சர். எல்லோருக்கும் தூக்கம் வருகிற நேரம் என்பதால் விளையாட்டாகச் செய்வோம். ஆளுக்கு இருபது பில் கொடுத்து, எதெல்லாம் அறச்செலவாகக் கணக்கில் ஏறும், எதெல்லாம் ஏறாது என்று பிரிக்கச் சொல்வேன். பொங்கல் விழாப் பந்தலுக்கு 18,000 ரூபாய் ரொக்கம் கொடுத்த வவுச்சரை எல்லோரும் ஏறும் பக்கம் வைப்பார்கள். உண்மையான செலவு, உண்மையான பில், பந்தல்காரரின் கையெழுத்தும் இருக்கிறது. ஆனாலும் ஏறாது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை முழுவதையும் செலவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேலே உள்ள 8,000 மட்டும் போகும் என்று நினைப்பவர்கள் அதிகம். பதினெட்டும் போகும். பந்தல்காரரிடம் ஜிபே இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது கூரை ரிப்பேர் பில். மேஸ்திரிக்கு 85,000 ரூபாய்க்கு ஒப்பந்தம். வங்கி வழியாகவே கொடுத்தாயிற்று. டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் ஒரு சதவீதம், 850 ரூபாய். பிடிக்காததால் 85,000-இல் 30 சதவீதம், 25,500 ரூபாய், செலவாக ஏறாது. இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பேன். "நம்ம கிட்ட டான் நம்பரே இல்லையே" என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். டி.டி.எஸ். கட்ட வாங்க வேண்டிய எண் அது. சின்ன டிரஸ்டுக்கு டி.டி.எஸ். கிடையாது என்ற நம்பிக்கை எங்கிருந்து பரவியது என்று தெரியவில்லை. சின்ன வரவுள்ள தனிநபருக்கு இருக்கிற சலுகை டிரஸ்டுக்கு இல்லை.

செலவு ஏறாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வருட வரவில் 85 சதவீதத்தை அந்த வருடமே நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும். மீதி 15-ஐக் கேள்வியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். 85-ஐத் தொட முடியவில்லை என்றால், அடுத்த வருடம் செலவழிக்கிறேன் என்று 9ஏ படிவமோ, இந்தக் காரணத்துக்காக ஐந்து வருடத்துக்குள் செலவழிக்கிறேன் என்று 10-ஆம் எண் படிவமோ ரிட்டனுக்கு முன்பே போட வேண்டும். மார்ச் கடைசியில் திடீரென்று ஒரு கம்பெனி ஒரு லட்சம் அனுப்பினால் இந்தப் படிவங்கள்தான் துணை. சின்ன அமைப்புகள் பணத்தைச் சேர்த்து வைத்து மாட்டுவது குறைவு. எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, அதைக் காட்டத் தெரியாமல் மாட்டுவதுதான் அதிகம். இன்னொன்று, பில் வந்து காசு கொடுக்காமல் இருந்தால் அது செலவே இல்லை. கையைவிட்டுப் போன பணம்தான் கணக்கு.

டிரஸ்டியின் உறவினர் கடையில் வாங்குவது, டிரஸ்டி வீட்டு மாடிக்கு வாடகை கொடுப்பது பற்றியும் ஒரு மணி நேரம் பேச வேண்டும். பேசுவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சம்பளத்துக்கு இருப்பவர்கள், அந்த டிரஸ்டி அவர்களுடைய முதலாளி. சந்தை விலைக்கு மேல் கொடுக்காதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவேன். இது என் வகுப்பின் பலவீனம், எனக்கே தெரியும்.

மாலையில் காலண்டர். தினமும் கிழிக்கிற நாட்காட்டி ஒன்றை ஆளுக்கு வாங்கித் தருகிறேன். மே 31-இல் சிவப்புப் பேனாவால் 10பிடி. ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி டி.டி.எஸ். செப்டம்பர் 30 தணிக்கை அறிக்கை, அதன் அடியில் 'நம் லாகினில் ஏற்றுக்கொண்டாயிற்றா?' என்ற கேள்வி. அக்டோபர் 31 ரிட்டன். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் முன்னால் பென்சிலால் ஒரு குறிப்பு. போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். போன் ஒருவர் பையில் இருக்கும், காலண்டர் சமையலறைச் சுவரில் இருக்கும். முதியோர் இல்லத்தில் காலைத் தாள் கிழிக்கிற தாத்தாவே சத்தமாகப் படித்துச் சொல்லிவிடுவார்.

கெடுவை நீட்டித்து நீட்டித்து அரசாங்கமே நம்மைக் கெடுத்துவைத்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிரந்தரமாக இருந்த பழைய பதிவுகளை எல்லாம் புதுப்பிக்கச் சொல்லி 2020-இல் சட்டத் திருத்தம் வந்தது. அதற்கான கடைசித் தேதி மாறி மாறிக் கடைசியில் 2024 ஜூன் 30-இல் வந்து நின்றது. தணிக்கை அறிக்கைக்கு 10பி, 10பிபி என்று இரண்டு படிவம் புதிதாக வந்தபோது எது யாருக்கு என்பதில் ஆடிட்டர்களே குழம்பினார்கள். வரவு ஐந்து கோடிக்கு மேல் இருந்தாலோ வெளிநாட்டு நன்கொடை வாங்கினாலோ 10பி, எங்களைப் போன்றவர்களுக்கு 10பிபி. தவறான படிவத்தைப் போட்டவர்களுக்கு, 2024 மார்ச் 31-க்குள் சரியானதைப் போட நேரடி வரிகள் வாரியம் வாய்ப்புக் கொடுத்தது. இப்படிப் பழகியதால், எப்படியும் நீட்டிப்பார்கள் என்ற நினைப்பு ஊறிவிட்டது. நீட்டிக்காத வருடத்தில்தான் நாங்கள் மாட்டினோம் என்று சொல்ல ஆசை. நீட்டித்திருந்தாலும் அந்தப் பொத்தானை நாங்கள் அழுத்தியிருக்க மாட்டோம்.

பதிவு விஷயத்தில் கவனம் அதிகம் தேவை. ஐந்து வருடத்துக்குக் கிடைத்த 12ஏபி (அமைப்புக்கே வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்பே 10ஏபி படிவத்தில் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். 2026 மார்ச்சோடு முடிகிற பதிவுகளுக்கு அந்தக் கெடு 2025 செப்டம்பர் 30 ஆக இருந்தது. தவறவிட்டால் அமைப்பின் நிகர சொத்து மதிப்பின்மேலேயே உச்ச விகிதத்தில் வரி போட இடமுண்டு. ஒரு வருட வரி இல்லை, கட்டடத்துக்கே வரி மாதிரி. ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 பட்ஜெட்டில், முந்தைய இரண்டு வருடங்களில் வரவு ஐந்து கோடியைத் தாண்டாத அமைப்புகளுக்கு 12ஏபி பதிவைப் பத்து வருடத்துக்குத் தர வழி செய்தார்கள். ஐந்து கோடியைக் கனவில்கூடப் பார்க்காத எங்களுக்கு இது பெரிய நிம்மதி.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம்தான். மேலே சொன்ன பிரிவு, படிவ எண்கள் எல்லாம் பழைய சட்டத்துடையவை. 1961 சட்டத்தில் அங்கும் இங்கும் கிடந்த எங்கள் சங்கதிகளை 332 முதல் 355 வரையான பிரிவுகளில் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். வரவு வந்த முந்தைய ஆண்டு, அதற்கு வரி கணக்கிடும் மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பமும் போய், 'வரி ஆண்டு' என்று ஒன்றே ஒன்று. அதை விளக்கவே வகுப்பில் அரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. 12ஏ, 80ஜி என்று வாயில் பழகிய எண்கள் மாறுவதால் மறுபடி குழப்பம்தான். நான் ரசீது புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறவன் என்பதால் என் வகுப்பில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை, கரும்பலகையில் எண்களை மாற்றி எழுதினால் போதும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பல கோடி புழங்கும் பெரிய நிறுவனத்துக்கும் ஏழு லட்சத்தில் சுண்டல் போடும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரே படிவங்கள், ஒரே கெடு. அவர்களிடம் கணக்குப் பிரிவே இருக்கிறது. இங்கே அக்கா ஒரு கையில் கரண்டியும் மறு கையில் ரசீதும் வைத்திருக்கிறார். பழைய சட்டத்தின் கீழ் 2022 ஆகஸ்டில் வந்த 17ஏஏ விதி, என்னென்ன கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், பத்து வருடம் பாதுகாக்க வேண்டும் என்று நீளமாகப் பட்டியல் போட்டது. பட்டியலில் தப்பு இல்லை. பத்து வருடக் காகிதத்தைக் கரையானிடமிருந்து காப்பாற்ற ஒரு இரும்பு பீரோ வாங்கினால் அதன் விலை எங்கள் ஒரு மாதச் சுண்டல் செலவு.

அடுத்த வகுப்பு கரூரில். அழைப்பில் வழக்கம்போல, ரசீது எழுதுகிறவர் கட்டாயம் வரவும், தலைவர்கள் வரக் கட்டாயமில்லை என்று போட்டிருந்தேன். ஒரு தலைவர் போன் செய்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குரலிலேயே பிரம்பு இருந்தது.

"நான் ஆரம்பிச்ச டிரஸ்ட் தம்பி. நான் வரக் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே?"

"வரக் கூடாதுன்னு போடலீங்க ஐயா. தாராளமா வாங்க. உங்க இன்கம் டாக்ஸ் லாகின் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஆடிட்டர்கிட்ட."

"ஓடிபி எந்த நம்பருக்கு வருது ஐயா?"

"அது வந்து... பழைய செயலாளர் நம்பர். அவரு இப்ப மகன் வீட்ல, துபாய்ல இருக்காரு."

"அப்ப அவசியம் வாங்க ஐயா. ரசீது எழுதுறவங்களையும் கூட்டிட்டு வாங்க."